கலங்கலில் முதல் கட்டு

எங்கள் ஊரில் குழாயில் தண்ணீர் வந்தால் அரசாங்கம் கொடுத்தது என்பார்கள். வராவிட்டால் தனம் விடவில்லை என்பார்கள். அந்தத் தனம் நான்தான். பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டர். காலை ஐந்தரை மணிக்கு ஏரிக்கரை மோட்டார் ரூமைத் திறந்து, சுவிட்சைப் போட்டு, மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, தெருத் தெருவாக வால்வு திருப்புவது என் வேலை. எட்டு வருஷமாகிறது. இந்த எட்டு வருஷத்தில் என்னைத் திட்டாதவர்கள் என்று பார்த்தால் கோயிலுக்குள் இருக்கும் மாரியம்மனும், இன்னும் பேச்சு வராத குழந்தைகளும்தான்.

கீழ்பென்னாத்தூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே வந்தால் எங்கள் ஊர். எங்களுக்கு ஏரியை விட்டால் வேறு ஆதாரம் கிடையாது. ஏரி நின்றால் நெல் உண்டு, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை உண்டு, மாட்டுக்குப் புல் உண்டு, குடிக்கிற போர்வெல்லிலும் தண்ணீர் உண்டு. நிற்காவிட்டால் பெங்களூர்தான். என் வீட்டுக்காரர் அங்கே சென்ட்ரிங் வேலைக்குப் போய், பொங்கலுக்கும் தேர்தலுக்கும் மட்டும் முகம் காட்டுகிறார். வயசுப் பெண்களை விடிவதற்குள் கம்பெனி வேன் வந்து அள்ளிக்கொண்டு போய்விடுகிறது. பகலில் ஊருக்குள் நடந்தால் நாய்கூட யாரைப் பார்த்துக் குரைப்பது என்று தெரியாமல் படுத்திருக்கிறது.

போன கோடையில் மாசி பிறப்பதற்குள்ளேயே மோட்டார் இருமத் தொடங்கிவிட்டது. பங்குனியில் வெறும் காற்றை ஊதியது. டிராக்டர் டேங்கில் தண்ணீர் கொண்டுவந்தார்கள். குடத்துக்கு நடந்த சண்டையில் கீழ்த்தெரு ஜோதியம்மாள் தன் பித்தளைக் குடத்தை என் மேலேயே வீசினாள். குறி தப்பியது. அறுபது வயசில் அந்தக் கைக்கு அவ்வளவு வலு இருந்ததே என்று எனக்கு ஆச்சரியம்.

ஏரிக்குக் கீழே பாசனம் பெறும் ஆயக்கட்டு நிலங்களுக்கு நடுவில் அப்போதுதான் பிளாட் கம்பெனிக்காரர்கள் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் போர்டு நட்டார்கள். அண்ணாமலையார் கோபுரம், பின்னால் மலை, கீழே ‘கிரிவலப் பாதைக்கு மிக அருகில்’ என்ற எழுத்து. மிக அருகில் என்பது பஸ்ஸில் முக்கால் மணி நேரம். ஆடி மாசம் ஆயக்கட்டுக்காரர்கள் கூட்டம் போட்டார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருப்பவர் இளஞ்செழியன். பி.எஸ்சி. படித்தவர், புல்லட் வைத்திருப்பவர். “இந்த வருசமும் ஏரி நிக்கலன்னா தையில எல்லாரும் கையெழுத்து போட்டுடலாம். வெறும் நெலத்த வச்சுக்கினு இன்னா பண்றது?” என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. மறுக்க வேண்டிய ஏரி காய்ந்து கிடந்தது.

ஏரி நிற்பது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். கரையின் வடக்கு முனையில் கலங்கல் இருக்கிறது. ஏரி நிறைந்தால் உபரித் தண்ணீர் வழிந்து போகிற வாசல் அது. கருங்கல் தளம், அதன்மேல் வரிசையாக நட்ட பதினோரு கல், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே ஓர் ஆள் நுழைகிற சந்து. தண்ணீர் தளத்தைத் தொட்டவுடன் சந்துகளில் வைக்கோல் கட்டுகளைத் திணித்துச் சேறு பூசிவிட்டால், கல்லின் தலை வரைக்கும் இன்னும் இரண்டரை அடி நிற்கும். அந்த இரண்டரை அடியில்தான் எங்கள் கோடை இருக்கிறது. அடைக்காமல் விட்டால் தைக்குப் பிறகு ஒரு போகமும் கிடையாது, என் மோட்டாரும் இருமும்.

ஆனால் அந்த இரண்டரை அடி ஏறினால் மேற்கே உள்வாய் முழுகும். உள்வாய் என்பது ஏரிக்கு உள்ளேயே இருக்கும் மேட்டு நிலம். சொந்த நிலம் இல்லாத குடும்பங்கள் அங்கே பயிர் வைப்பார்கள். பட்டா கிடையாது. முன்பு ஏழு குடும்பம் இருந்தது. ஆறு பெங்களூருக்குப் போய்விட்டது. மிச்சம் இருப்பது என் தங்கை சரசுவும் அவள் புருஷன் காசியும்தான். முக்கால் ஏக்கர்.

இதற்கு எங்கள் ஊரில் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. யாருடைய பயிர் முழுகப் போகிறதோ அவர்கள்தான் கலங்கலில் முதல் கட்டை வைக்க வேண்டும். அவர்கள் கை படாமல் வேறு யாரும் ஒரு துரும்பைக்கூடச் சந்தில் வைக்கக் கூடாது. வைத்தால் கரை உடையும் என்பது பயம். அவர்கள் வைத்துக் கொடுத்ததற்காக, அறுவடையானதும் ஆயக்கட்டுக் களத்திலிருந்து அவர்களுக்கு ஒரு பங்கு நெல் போகும். இதை யார் எந்தக் காலத்தில் வகுத்தார்களோ, நினைக்க நினைக்க எனக்கு மலைப்பாக இருக்கும். நஷ்டப்படுகிறவன் தன் கையால் சம்மதம் சொல்லாமல் ஊருக்கு லாபம் கிடையாது என்று, படிப்பு வாசனை இல்லாத யாரோ ஒருவர் யோசித்திருக்கிறார்.

அந்த யோசனை எங்கள் காலத்தில்தான் கெட்டது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஏரி நிறைந்தபோது சரசு கல்யாணமாகி ஆறு மாசம். காசியைப் பேசி முடித்ததே நான்தான். தங்கை பக்கத்துத் தெருவில் இருந்தால் எனக்கொரு துணை என்ற சுயநலம். காசியின் அப்பா ஏழுமலை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் வந்து முதல் கட்டை வைத்தார். ஊர் மளமளவென்று மற்ற சந்துகளை அடைத்தது. அவர் சேற்றுக் கையைக் கழுவுவதற்குள் இளஞ்செழியன் சொன்னார்: “மாமா, பங்கு கிங்குலாம் இந்த வாட்டி எதிர்பாக்காதீங்க. பொறம்போக்குல வச்ச பயிருக்கு இன்னாத்துக்குப் பங்கு? சட்டப்படி பயிர் வச்சதே தப்பு.”

ஏழுமலை மாமா ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடியே நின்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்குக் கோபம் வந்தால் வாயை மூடிக்கொள்வேன். வாயை மூடிக்கொண்டால்தான் என்னிடம் பயப்பட வேண்டும். இது என் வீட்டுக்காரருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் தீபம். எங்கள் ஊரிலிருந்து அண்ணாமலை பதினெட்டு கிலோமீட்டர். கரையில் நின்றால் தண்ணீருக்கு அப்பால், நேர் மேற்கே நீலமாகத் தெரியும். சாயங்காலம் ஆறு மணிக்கு மலை உச்சியில் தீபத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எங்கள் வீடுகளில் அகல் ஏற்றுவோம். அந்த நேரத்தில் ஊரே கரைமேல் நிற்கும், எல்லார் முகமும் மேற்கே இருக்கும். அன்றைக்கு ஊரே ஒரே குரலில் ‘அண்ணாமலைக்கு அரோகரா’ என்று கத்தியபோது நான் வடக்கு முனையில், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கலங்கல் சந்திலிருந்து வைக்கோல் கட்டைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். மூன்று கட்டு வந்தது. மீதியைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. நிமிர்ந்தால் கரைமேல் ஏழுமலை மாமா. என்னைப் பார்த்தார், ஓடுகிற தண்ணீரைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் திரும்பி நடந்துவிட்டார்.

இரண்டரை அடி முழுதாக ஏறுவதற்கு முன்பே, ஊர் விடிந்து பார்ப்பதற்குள், நின்ற தண்ணீரெல்லாம் போயிற்று. சரசுவின் பயிர் பிழைத்தது. அதுவே சாட்சியாகிவிட்டது. வைத்த கையே பிடுங்கிவிட்டது என்று ஊர் சொன்னது. ஏழுமலை மாமா இல்லை என்றும் சொல்லவில்லை, என் பெயரையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பிடுங்கியது மருமகளின் அக்கா, புது மருமகள் வந்த நேரம் என்று பழி சரசு தலையில்தான் விடிந்திருக்கும். இரண்டு வருஷம் கழித்து அவர் செத்தபோது ஆயக்கட்டுக்காரர் ஒருவர்கூட எடுப்புக்கு வரவில்லை. நான் கூட்டத்தோடு உட்கார்ந்து அழுதேன். நான் அழுததை எல்லாரும் மெச்சினார்கள்.

அதற்குப் பிறகு ஏரி கல்லைத் தொடவே இல்லை. வரத்துக் கால்வாய் தூர்ந்துபோயிற்று, முள் மண்டிவிட்டது, மழையும் ஏமாற்றியது. காரணம் ஆயிரம் இருக்கலாம். எனக்கு என்னவோ அது என் கையால் போனதாகவே இருந்தது. அன்றிலிருந்து தீபத்தை நான் பார்க்கவில்லை. ஆறு மணிக்கு மோட்டார் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

இந்த வருஷம் நூறு நாள் வேலையில் வரத்துக் கால்வாயைத் தூர் வாரினோம். வேலை என்று பெயருக்குத்தான் என்று கேலி பேசுவார்கள். நாற்பது பெண்கள் முள்ளைப் பிடுங்கி, மண்ணைத் தூக்கி, இரண்டு கிலோமீட்டருக்குக் கால்வாயின் பழைய அடியைக் கண்டுபிடித்தோம். கார்த்திகையில் புயல் என்றார்கள். வெள்ளிக்கிழமை பிடித்த மழை ஞாயிற்றுக்கிழமை வரை விடவில்லை. அந்த மூன்று நாளும் கரண்ட் இல்லாததால் நான் கரைப் பக்கம் போகவில்லை.

திங்கள் காலை தூறலாகக் குறைந்திருந்தது. வழக்கம்போல் மோட்டார் ரூமுக்குப் போனேன். கரை ஏறியதும் கால் நின்றுவிட்டது.

போன வாரம் வரைக்கும் கருவேல முள்ளும் வெடித்த களிமண்ணுமாகக் கிடந்த இடத்தில் தண்ணீர். இந்தக் கரையிலிருந்து மேற்கே பார்வை போகிற மட்டும் தண்ணீர். மழைப்புகையில் மலை தெரியவில்லை, அதனால் அதற்கு அந்தப் பக்கக் கரையே இல்லாத மாதிரி இருந்தது. தெற்கே வரத்துக் கால்வாய் வாயில் அது உறுமிக்கொண்டு உள்ளே வந்துகொண்டேயிருந்தது. எங்கிருந்துதான் சேதி கிடைத்ததோ, நாரைகள் வந்து முள்மரத் தலைகளில் உட்கார்ந்திருந்தன. எட்டு வருஷமாகத் தண்ணீரைக் குழாயில் அளந்து அளந்து விட்டவள் நான். தண்ணீர் என்றால் இவ்வளவு பெரியது என்பதையே மறந்துபோயிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டிருக்கிறேன். எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை.

அப்புறம்தான் மேற்கே பார்த்தேன். உள்வாயில் சரசுவின் நெல் மட்டும் ஒரு பாய் அளவுக்குப் பச்சையும் மஞ்சளுமாகத் தெரிந்தது. அறுப்புக்கு இன்னும் பத்து நாள்.

எட்டு மணிக்கெல்லாம் ஊர் கலங்கலில் கூடிவிட்டது. பிளாஸ்டிக் தாள் போர்த்திய வைக்கோல் கட்டுகளோடு ஆண்களும் பெண்களும் நின்றார்கள். வேனுக்குப் போகாமல் பெண்பிள்ளைகள்கூட வந்திருந்தார்கள். தண்ணீர் கல் அடியைத் தொட்டு, பத்துச் சந்திலும் மெல்ல மெல்ல வழியத் தொடங்கியது. அதைப் பார்த்துக்கொண்டு எல்லாரும் சும்மா நின்றார்கள். பி.எஸ்சி. படித்தவரும் சும்மாதான் நின்றார்.

“நீயே ஒண்ணு வையேன்டா செழியா. கரை ஒடையும்ன்றதுலாம் உனக்குத்தான் நம்பிக்க இல்லியே?” என்றாள் ஜோதியம்மாள்.

“நம்பிக்க இல்ல. பயமா இருக்குது” என்றார் இளஞ்செழியன்.

காசியும் சரசுவும் கரையோரமாக நடந்து வந்தார்கள். காசி கீழ்பென்னாத்தூரில் மூட்டை தூக்குகிறவன். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. வந்து கல்லுக்கு இந்தப் பக்கம் நின்றான். கையில் கட்டு இல்லை.

இளஞ்செழியன் முன்னால் போனார். “காசி, போன வாட்டி நான் பேசுனது தப்பு. ஊரு முன்னாடி சொல்றேன். இந்த வாட்டி பங்கு உண்டு. ஜாஸ்தியாவே தரோம். முதல் கட்ட வச்சுக் குடுப்பா.”

“பங்கு வேணாங்க” என்றான் காசி.

“பயிருக்காகவா? இன்னா நட்டம்னு சொல்லு, பேசிக்கலாம்.”

“பயிரு போனா போவுதுங்க. எங்கப்பன் திருடன்னு சொன்ன ஊருங்க இது. சாவுக்குக்கூட வரல. அவரு பிடுங்கலன்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லுங்க. அடுத்த நிமிசம் கட்ட வைக்கிறேன். நான் சொன்னா மவன் சொல்றான்னுவீங்க. நீங்க சொல்லுங்க.”

யார் சொல்வார்கள்? எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பொய்யாகவாவது சொல்லிவிடலாம் என்று சிலருக்குத் தோன்றியிருக்கும். ஆனால் கலங்கலில் நின்று பொய் சொல்ல வாய் வராது. தண்ணீர் சந்துகளில் கொஞ்சம் வேகம் பிடித்தது. ஓடைக்குள் விழுகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு நிமிஷமும் கோடை போய்க்கொண்டிருந்தது. ஜோதியம்மாள் அழ ஆரம்பித்துவிட்டாள். என் மேல் குடத்தை வீசியவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதாள்.

நான் சரசுவைப் பார்த்தேன். அவள் யாரையும் பார்க்காமல் தன் நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா போன பிறகு எனக்கென்று அவள் ஒருத்திதான். வாயைத் திறந்தால் அவளும் போய்விடுவாள். திறக்காவிட்டால் ஏரி போய்விடும், கீழே அந்த நிலமெல்லாம் கல் நட்டு மனையாகிவிடும். அதைவிட, ஏழுமலை மாமா இன்னொரு தடவை சாவார்.

“அவரு பிடுங்கல” என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

“நான்தான் பிடுங்குனேன். தீபத்தன்னிக்கு, நீங்கல்லாம் மலையப் பாத்துக்கினு இருந்தப்போ. பங்கு இல்லைன்னு சொன்ன கோவம். மாமா அங்க கரைமேல நின்னு பாத்தாரு. பாத்துட்டு ஒரு வார்த்த பேசாம போயிட்டாரு. சாவுற வரைக்கும் பேசல.”

ஜோதியம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கிட்டே வந்தாள். அறையப்போகிறாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம். “ஏழு வருசமா எங்களுக்குத் தண்ணி தொறந்து உட்டவ நீதானேடி” என்று மெதுவாகக் கேட்டாள்.

காசி அப்படியே கல்மேல் உட்கார்ந்துவிட்டான். அப்பா, அப்பா என்று இரண்டு தடவை சொன்னான். இளஞ்செழியன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். சரசு என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வைதான். பிறகு திரும்பி, வந்த வழியே கரையில் நடந்தாள்.

போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஊரும் அப்படித்தான் நினைத்தது. அவள் வளைந்து, மேற்கே, உள்வாய்க்குள் இறங்குவது தெரிந்தது. முழங்கால் தண்ணீரில் நடந்து நெல்லுக்குள் போனாள். குனிந்தாள். நிமிரவே இல்லை. என்ன செய்கிறாள் என்று யாருக்கும் புரியவில்லை. கால் மணி நேரம் இருக்கும். திரும்பி வந்தபோது அவள் தலையில் ஒரு கட்டு இருந்தது.

வைக்கோல் இல்லை. நெல். அடியோடு அறுத்த பச்சைத் தாள், நுனியில் பாதி பழுத்த கதிர், மணி மணியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. சுமையின் கனத்தில் அவள் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கூட்டம் தானாக விலகி வழிவிட்டது. என் வாழ்நாளில் எத்தனையோ சாமி ஊர்வலம் பார்த்திருக்கிறேன், தேரும் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு என் தங்கை நடந்து வந்த மாதிரி ஒன்றை நான் பார்த்ததில்லை.

கட்டை முதல் சந்துக்குள் இறக்கினாள். காலால் மிதித்துத் திணித்தாள்.

“இது எங்க மாமனாரு வைக்கிறது” என்றாள்.

காசி எழுந்து வந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளி அதன்மேல் அப்பினான். அவ்வளவுதான். ஊர் பாய்ந்தது. வைக்கோல் கட்டுகள் சந்து சந்தாக இறங்கின. பெண்பிள்ளைகள் கம்பெனிச் சட்டையோடு சேற்றில் இறங்கினார்கள். பத்துச் சந்தும் அடைபட அரை மணிகூட ஆகவில்லை. ஓடையில் விழுந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. அந்த அமைதியில் தண்ணீர் கல்லின்மேல் ஒரு விரல் ஏறுவதை எல்லாரும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தோம்.

முதலில் இளஞ்செழியன்தான் வேட்டியை மடித்துக்கொண்டு உள்வாய்ப் பக்கம் நடந்தார். “கதிரு அருவா எடுத்துக்கினு வாங்கடா. முழுகுறதுக்குள்ள அறுத்துக் குடுத்துடலாம்” என்றார். ஐம்பது பேர் தண்ணீரில் நின்று, மேலே மேலே ஏறுகிற ஏரியோடு போட்டி போட்டு அறுத்தார்கள். முக்கால் ஏக்கரில் பாதிக்கு மேல் கரையேறியது. காய்வதற்கு இடம் இல்லை, களமெல்லாம் ஈரம். யாருக்கு யோசனை வந்ததோ, ஆயக்கட்டு நடுவில் நின்ற பிளாட் கம்பெனி ஃப்ளெக்ஸை அவிழ்த்துக்கொண்டு வந்து பள்ளிக்கூட வராந்தாவில் விரித்தார்கள். அண்ணாமலையார் கோபுரத்தின்மேல், கிரிவலப் பாதைக்கு மிக அருகில், சரசுவின் நெல் காய்ந்தது. இளஞ்செழியனே கால் படாமல் ஓரமாக நின்று அதைக் கிளறிவிட்டார். தைக் கையெழுத்தைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை.

என்னிடமும் யாரும் பேச்செடுக்கவில்லை. என்னை வேலையை விட்டு நிறுத்த வேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்களாம். எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்று என்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது என்பது அப்புறம்தான் ஞாபகம் வந்ததாம். அதனால் காலையில் போவேன், மோட்டார் போடுவேன், தெருவில் நடந்தால் கதவுகள் சாத்திக்கொள்ளும். திட்டுகூட இல்லை. திட்டு இல்லாமல் வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். சரசுவின் வீட்டு வாசலைக் கடக்கும்போது மெதுவாக நடந்து பார்த்தேன். அவள் உள்ளேயிருந்து வரவில்லை.

வியாழக்கிழமை தீபம். வானம் கழுவிவிட்ட மாதிரி வெளுத்திருந்தது. மத்தியானத்துக்கு மேல் ஏரி கல்லின் தலையைத் தொட்டு, அடைப்புக்கு மேல் கண்ணாடித் தாளாக வழிந்தது. ஏரி வழிவதைக் கோடி போவது என்போம்; கோடி போகுது, கோடி போகுது என்று பிள்ளைகள் தெருவெல்லாம் கத்திக்கொண்டு ஓடினார்கள். பெண்கள் மஞ்சளும் பூவும் கொண்டுவந்து கலங்கலுக்குப் போட்டார்கள். ஏழு வருஷமாகக் காணாத பெரிய தண்ணீர், கரை முழுக்கத் தளும்பி, ஒரு சுருக்கம் இல்லாமல் மலை வரைக்கும் கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு ஜோதியம்மாள் கரையிலேயே விழுந்து கும்பிட்டாள்.

ஐந்தரைக்கே ஊர் கரைமேல் வரிசையாக நின்றது. வழக்கம்போல் மோட்டார் ரூமுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தேன். உள்ளே போகக் கால் வரவில்லை. பூட்டிவிட்டு வடக்கு முனைக்கு நடந்தேன். கலங்கல் ஓரத்தில், மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கல்லைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். முதல் சந்தில் சேற்றுக்கு வெளியே ஒன்றிரண்டு கதிர் நீட்டிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை யாராவது பிடுங்க வந்தால் நான் அங்கே இருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன். பிடுங்குவதற்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று அடுத்த நிமிஷமே தோன்றியது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

பக்கத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். சரசு. புடவையில் நெல் வாசனை. என் முகத்தைப் பார்க்கவில்லை, கல்லைத்தான் பார்த்தாள். தெற்கே கரையில் சலசலப்பு அடங்கிக்கொண்டு வந்தது. ஆறு மணி ஆகப்போகிறது என்று அர்த்தம்.

“நீ திரும்பிக்கோ” என்றாள்.

“இன்னாடி?”

“மலையப் பாருக்கா. எத்தினி வருசமாச்சு பாத்து? கல்ல நான் பாத்துக்கறேன்.”

அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்வதா, இன்னும் என்னை நம்பவில்லை என்று எடுத்துக்கொள்வதா, எனக்குத் தெரியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். அவள் குரலில் கோபம் இருந்தது. ‘அக்கா’வும் இருந்தது.

திரும்பினேன். ‘அண்ணாமலைக்கு அரோகரா’ என்று ஊர் முழுக்கக் கத்தியது. இருட்டத் தொடங்கிய மலை உச்சியில் ஒரு பொட்டு வெளிச்சம் தோன்றி, நடுங்கி, நின்றது. அதே நேரம் எனக்கு எதிரே தண்ணீரிலும் ஒன்று தோன்றியது. சரசுவின் நெல் நின்ற இடத்துக்கு மேலாக, நீளமாக, எங்கள் காலடிப் பக்கம் வரைக்கும் அது ஆடிக்கொண்டு வந்தது. கை தானாகக் கூப்பிக்கொண்டது.

“தெரிஞ்சிதா?” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

“ரெண்டு தெரியுதுடி. மேல ஒண்ணு, தண்ணில ஒண்ணு. நீயும் திரும்பிப் பாரேன்.”

“அடுத்த வருசம் பாத்துக்கறேன்” என்றாள். கரையில் எல்லாரும் அகல் ஏற்ற வீட்டுக்குப் போகும் வரைக்கும் சரசு கல்லைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.